பனி ரம்பம் வாங்கப் போறீங்களா? மடக்கு, நேர்த்தகடு, கம்பில் மாட்டுவது, கடைத்தெருக் கைரம்பம்: ஓர் ஒப்பீடு

வேலூரில் உறைபனி கிடையாது. ஆனால் இங்கிருந்து பனிமலைக்குப் போகிறவர்களுக்குக் குறைவில்லை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். மணாலி, உத்தரகாசி என்று மலையேற்றப் பயிற்சிக்குக் கிளம்பும் பிள்ளைகளும் உண்டு. பனிச்சரிவு அபாயம் உண்டா என்று பார்க்கப் பனிக்குழி தோண்டி, பனி அடுக்குகளில் எளிதில் உடையும் நலிந்த அடுக்கு இருக்கிறதா என்று சோதிக்க ஒரே ஒரு ரம்பம்தான் வாங்க முடியும் என்றால் 35 செ.மீ. நேர்த்தகடு, மடங்காதது வாங்குங்கள். கூடவே முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று.

முதலில் நீளம். அழுத்தச் சோதனைக்கு, அதாவது பனியில் தூண் வெட்டி அதன் தலையில் மண்வெட்டி வைத்துக் கையால் தட்டி எப்போது உடைகிறது என்று பார்ப்பதற்கு, வெட்டும் தூண் 30-க்கு 30 செ.மீ. மடக்கு ரம்பங்களில் பல அந்த நீளத்துக்கு வருவதில்லை. 24 செ.மீ. தகட்டால் பக்கவாட்டை அறுத்தால் பின்மூலையில் 6 செ.மீ. ஒட்டியபடியே நிற்கும். அந்த ஒட்டு தூணைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டு அசைவில் 10, முழங்கை அசைவில் 10, தோளிலிருந்து 10 என்று முப்பது தட்டும் தட்டி முடித்தாலும் தூண் அசையாது. நலிந்த அடுக்கு உள்ளே அப்படியே இருக்க, மலைச்சரிவில் பனி உறுதியாக இருக்கிறது, ஆபத்தில்லை என்று குறித்துக்கொள்வீர்கள். மடக்கு ரம்பத்தில் இன்னொரு தொல்லை கீல். ஈரப்பனி உள்ளே புகுந்து உறைந்தால் கையுறையோடு திறக்க வராது. திறந்தாலும் பூட்டு சரியாக விழாமல் தகடு ஆடும். பையில் இடம் மிச்சமாகும் என்பதைத் தவிர அதற்குச் சொல்ல நல்லது அதிகமில்லை.

கடைத்தெருவில் விற்கும் 18 அங்குலத் தச்சுக் கைரம்பம் போதாதா என்று கேட்கிறார்கள். நீளம் தாராளம்தான். நேராகக் கீழே அறுக்கும் வேலையை ஒப்பேற்றிவிடலாம். ஆனால் பற்கள் நெருக்கம். ஈரப்பனி இடுக்குகளில் அடைத்துக்கொண்டு நாலு இழுப்பில் வழுக்க ஆரம்பிக்கும். சாதா எஃகு என்பதால் ஈரத்தோடு உறைக்குள் போட்டால் மறுநாளே துரு. மாந்தோப்பில் கிளை கழிக்கும் வளைந்த ரம்பம் இன்னும் மோசம், வெட்டே நேராக வராது.

கைரம்பம் முழுசாகத் தோற்பது பரவல் ரம்பச் சோதனையில், அதாவது நலிந்த அடுக்கை ரம்பத்தால் அறுத்து, விரிசல் தானாக எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பதில். தூணின் அகலம் 30 செ.மீ.; சரிவின் மேல்நோக்கி நீளம் 100 செ.மீ., நலிந்த அடுக்கு ஒரு மீட்டருக்கும் ஆழத்தில் இருந்தால் அந்த ஆழம் எவ்வளவோ அவ்வளவு. ரம்பத்தின் மொட்டை முதுகை நலிந்த அடுக்குக்குள் வைத்து, நொடிக்கு 10 முதல் 20 செ.மீ. வேகத்தில் மேல்நோக்கி இழுக்க வேண்டும். சில மில்லிமீட்டர் கனமே உள்ள அடுக்குக்குள் தகடு விலகாமல் போக வேண்டும். தச்சு ரம்பம் மெல்லிசு. நுனி தொய்ந்து கீழே உள்ள கெட்டிப் பனியில் ஏறிவிடும், கணக்கு கெட்டுவிடும். சுமார் 2 மி.மீ. கனத்தில், நேரான முதுகோடு, பக்கத்தில் செ.மீ. அளவுக்கோடு பொறித்த தகடு இதற்காகவே செய்தது. வெட்டு தூணின் பாதி நீளத்தைத் தொடுமுன்பே விரிசல் மறுமுனை வரை ஓடிவிட்டால், அந்தச் சரிவை விட்டு விலகுங்கள்.

நீட்டித் தூண் சோதனை என்பது அகலமான தூணின் ஒரு முனையில் தட்டி, விரிசல் மறுமுனை வரை போகிறதா என்று பார்ப்பது. அதற்கு 90 செ.மீ. அகலத் தூணின் பின்சுவரையும் அறுக்க வேண்டும். 35 செ.மீ. தகடு அவ்வளவு தூரம் எட்டாது. ஸ்கீ கம்பில் மாட்டும் ரம்பம் இங்கே கைகொடுக்கும், தனியாள் சோதனைக்கு அதுதான் வசதி. ஆனால் எல்லாக் கம்புக்கும் எல்லா மாட்டியும் பொருந்தாது. இணைப்பு தளர்ந்தால் வெட்டு கோணிக்கொள்ளும். இரண்டு பேர் இருந்தால் 3 மி.மீ. நைலான் கயிறு, 3 மீட்டர், நடுப்பகுதியில் 20 செ.மீ.க்கு ஒரு முடிச்சு. பின்மூலைகள் இரண்டிலும் ப்ரோப் கம்பிகளை (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பிகள்) நட்டு, அவற்றைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு மாறி மாறி இழுங்கள். நலிந்த அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வரை நிறுத்த வேண்டாம். உருகி உறைந்த கெட்டி ஓடு குறுக்கே வந்தால் கயிறு அங்கேயே நின்றுவிடும். அந்தக் கெட்டிப் பகுதியை ரம்பத்தால்தான் உடைக்க வேண்டும்.

அலுமினியமா, துருப்பிடிக்காத எஃகா? பனி மட்டும் என்றால் அலுமினியம், எடை குறைவு. கிளையும் வெட்டுவேன் என்றால் எஃகு, ஏனென்றால் மரத்தில் அலுமினியப் பல் மழுங்கிவிடும். எதுவானாலும் வெயிலில் சூடான தகட்டில் பனி உருகி, உடனே உறைந்து அப்பிக்கொள்ளும். அறுக்குமுன் நிழல்பனியில் கொஞ்ச நேரம் செருகி வையுங்கள்.

கிளம்புமுன் இங்கேயே பழகலாம். பெரிய தெர்மகோல் கட்டியில் 30-க்கு 30 குறித்து மேலிருந்து கீழே அறுத்து, அடிப்பக்கத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் கை உள்பக்கம் சாய்ந்து அடி குறுகியிருக்கும். பனியில் இப்படி ஆனால் தூண் வேண்டியதைவிடச் சீக்கிரம் உடையும். ரம்பத்தை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பையில் போடுங்கள். காட்பாடியில் ரயில் ஏறுவதானால் பல்லுக்கு உறை மாட்டி, அதன்மேல் துணி சுற்றிக் கட்டினால் போதும்.