லிப்போபாலிசாக்கரைடு: சூடான ஃபீனாலா, மூன்று கரைப்பான் கலவையா?

இரண்டு சவ்வுகள் கொண்ட கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும், கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த மூலக்கூறான லிப்போபாலிசாக்கரைடை ஆராய, முதலில் அதைச் செல்லிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பலர் இதை வெறும் ஆயத்த வேலையாகக் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த மூலக்கூறுகள் நம் கைக்கு வரும் என்பதே இங்குதான் முடிவாகிறது.

கொழுப்பு அமிலங்களைச் சுமந்த லிப்பிட் ஏ, அதையொட்டிய மையச் சர்க்கரைப் பகுதி, வெளியே நீளும் சர்க்கரைத் தொடரான ஓ-சங்கிலி ஆகிய மூன்றும் இருந்தால் அது வழவழப்பு வகை. ஓ-சங்கிலி இல்லாதது சொரசொரப்பு வகை.

வெஸ்ட்ஃபாலும் சக ஆய்வாளர்களும் 1952இல் வெளியிட்ட முறையில், பாக்டீரியாவை நீரும் 90% ஃபீனாலும் சேர்த்து 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் கலக்குகிறோம். அந்தச் சூட்டில் எல்லாம் ஒன்றாகக் கலந்து நிற்கும். ஆறவைத்து மையவிலக்கியில் சுழற்றினால் மேலே நீர், கீழே ஃபீனால், நடுவே வெண்மையான படிவு எனப் பிரியும். புரதம் ஃபீனாலிலும் படிவிலும் தங்கிவிட, நீண்ட சர்க்கரைச் சங்கிலி கொண்ட மூலக்கூறுகள் நீரில் சேரும். தொல்லை என்னவென்றால், ஆர்.என்.ஏ.வும் கூடவே வந்துவிடும். அதை நீக்கத் தனி உழைப்பு தேவை.

1969இல் காலனோஸும் குழுவினரும் தந்த மாற்று, ஃபீனால், குளோரோஃபார்ம், பெட்ரோலியம் ஈதர் ஆகியவற்றை 2:5:8 என்ற அளவில் கலப்பது. சூடாக்கத் தேவையில்லை. உலர்ந்த செல்களிலிருந்து சொரசொரப்பு வகை மட்டும் கரையும்; புரதமும் நியூக்ளிக் அமிலமும் பெரும்பாலும் பின்தங்கிவிடும். எளிதில் ஆவியாகும் குளோரோஃபார்மையும் ஈதரையும் நீக்கிவிட்டு, எஞ்சிய ஃபீனாலில் துளித்துளியாக நீர் விட்டால் லிப்போபாலிசாக்கரைடு வீழ்படிவாகும். தூய்மையில் இதுவே மேல். ஆனால் வழவழப்பு வகை பாக்டீரியாவுக்கு இதைப் பயன்படுத்தினால் நீண்ட சங்கிலிகள் விடுபட்டு, குட்டையானவை மட்டுமே கிடைக்கும். அதை வைத்து எழுதும் மூலக்கூறு அமைப்பு பாதி உண்மைதான்.

முதல் முறையும் எல்லா இடத்திலும் நம்பத்தக்கதல்ல. புரூசெல்லா அபார்ட்டஸ் என்ற பாக்டீரியாவின் வழவழப்பு வகை லிப்போபாலிசாக்கரைடு நீருக்குப் பதில் ஃபீனால் அடுக்கில் போய்ச் சேரும். கீழடுக்கைக் கொட்டிவிட்டால் அது போயே போய்விடும்.

எந்த வகை என்று அறியாத பாக்டீரியா திரிபு (ஸ்ட்ரெயின்) என்றால் நான் ஃபீனால்-நீர் முறையில்தான் தொடங்குவேன். இரு அடுக்குகளையும், மூலக்கூறுகளை மின்புலத்தால் அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, வெள்ளிச் சாயமிட்டுப் பார்ப்பேன். ஏணிப்படிபோல் பட்டைகள் தெரிந்தால் ஓ-சங்கிலி உண்டு. அடியில் மட்டும் பட்டை நின்றால், இரண்டாம் முறைக்கு மாறிவிடுவேன்.