எக்டிஸுடன் பத்து வருடம்: ஒரு செகண்ட் மேட்டின் (கப்பல் அதிகாரியின்) அனுபவம்

நான் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) ஏறிய கப்பலில் காகித சார்ட்தான், அதாவது கடல் வரைபடம். வாராவாரம் வரும் திருத்தங்களை ஊதா மையில் ஒவ்வொன்றாகக் குறித்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். 2012 ஜூலையிலிருந்து 2018 வரை கப்பல் வகையைப் பொறுத்து எக்டிஸை, அதாவது சார்ட்டையும் கப்பலின் நிலையையும் திரையில் காட்டும் கணினியை, படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். இப்போது மெயிலில் வரும் ஃபைலை ஏற்றினால் அதே வேலை அரை மணி நேரத்தில் முடிகிறது. இதற்காகவே அந்தப் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

எரிச்சல் அலாரத்தில்தான். டிராஃப்ட் (கப்பல் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம்) 11 மீட்டர் என்று சேஃப்டி கான்டூரை, அதாவது இதைவிட ஆழம் குறைந்த பக்கம் போனால் எச்சரிக்கச் சொல்லும் ஆழக் கோட்டை, 13-இல் வைக்கிறேன் என்று வையுங்கள். சார்ட்டில் 13 மீட்டர் கோடு இல்லையென்றால் எக்டிஸ் தானாகவே அதைவிட ஆழமான அடுத்த கோட்டுக்குப் போய்விடும், பல இடங்களில் அது 20 மீட்டர். அப்புறம் 16 மீட்டர் தண்ணீரில் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, என்னமோ தரை தட்டப்போவதுபோலக் கத்த ஆரம்பிக்கும். சிங்கப்பூர் நீரிணையில் 12-4 வாட்ச் (12 மணி முதல் 4 மணி வரை என் காவல் முறை) முழுக்க இந்தக் கச்சேரிதான். கை தானாக அலாரத்தை நிறுத்தும் பட்டனுக்குப் போய்விடுகிறது. ஒரு ராத்திரி அப்படிப் பார்க்காமலே அமுக்கிவிட்டு நிமிர்ந்தால், நான் அமுக்கியது, போட்ட பாதையிலிருந்து கப்பல் விலகுகிறது என்று எக்டிஸ் சொன்ன அலாரம். தப்பு என்னுடையதுதான், ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கத்தினால் மனுஷன் என்ன செய்வான்?

இன்னொரு தொல்லை, பொய் சிக்னலில் ஏமாறும் ஜிபிஎஸ். 2024-இல் சைப்ரஸின் லிமாசோல் துறைமுகத்தை நெருங்கும்போது எங்கள் கப்பல் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாக எக்டிஸ் காட்டியது. ஏஐஎஸ்ஸும் (கப்பல்கள் தங்கள் நிலையை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் கருவி) அதே ஜிபிஎஸ்ஸை நம்பித்தான் இருக்கிறது, அதனால் சுற்றியிருந்த கப்பல்களில் பாதியும் திரையில் அதே ஓடுதளத்தில்! சிரிப்பாக இருந்தாலும் வயிற்றைக் கலக்கியது. ரேடாருக்கு வேகத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து லாக்குக்கு (தண்ணீரில் கப்பலின் வேகத்தை அளக்கும் கருவி) மாற்றிவிட்டு, கேப் காட்டா முனையின் திசையும் தூரமும் எடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எக்டிஸில் கையால் நிலையைக் குறித்தோம். ஜைரோவும் (திசை காட்டும் கருவி) ரேடாரும் செயற்கைக்கோளைக் கேட்பதில்லையே.

அன்றிலிருந்து கரை தெரியும் இடங்களில் ரேடார் ஓவர்லேயை, அதாவது சார்ட்டின் மேல் ரேடார் படத்தைப் போட்டுக் காட்டுவதை, அணைப்பதே இல்லை. ரேடார் காட்டும் கரை சார்ட்டில் உள்ள கரைமேல் சரியாக உட்காரவில்லை என்றால் ஜிபிஎஸ்ஸையோ ஜைரோவையோ சந்தேகப்படுவேன். பலத்த மழையில் மட்டும் எக்ஸ்-பேண்ட் ரேடாரின் திரை முழுக்க மழையின் எதிரொலி அப்பிக்கொள்ளும், அப்போது மழையால் அவ்வளவு பாதிக்கப்படாத எஸ்-பேண்ட் ரேடாருக்கு மாறிக்கொள்கிறேன்.