சீசனுக்கு ஆள் எடுக்கும் "மெனேஜர்": தொழிலில் இருக்கும் பெண்கள் கவனத்துக்கு

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கு வேலைக்குப் போகும் அக்கா தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும்: பாலியல் தொழில். எனக்கு வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. என்னை யாரும் ஏமாற்றி இதில் இறக்கவில்லை. புத்தி சொல்ல வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கடைக்கடனை உங்களில் ஒருவரும் அடைத்ததில்லை.

வட்ஸ்அப்பில் வந்தவன் தன்னை "மெனேஜர்" என்றான். போகும் முன்பே எல்லாம் பேசினேன்: ஒரு ஆள், ஒரு மணித்தியாலம், காசு முதலில், ஆணுறை கட்டாயம், கமரா கூடாது. எல்லாவற்றுக்கும் "சரி மிஸ், சரி மிஸ்" என்றான். டவுனை விட்டு விலகி மேட்டில் இருந்த கெஸ்ட் ஹவுஸ். ரூம் பதிவுக்கென்று வாங்கிய என் அடையாள அட்டையை, கவுண்டரில் நின்ற பையன் இரண்டு பக்கமும் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

அறையில் இரண்டு பேர். மேசையில் பிளாஸ்குக்குச் சாய்த்து வைத்த போன், கட்டிலைப் பார்த்தபடி. காசு எங்கே என்றால் ஒருவன் பேங்க் ஸ்லிப்பைத் திரையில் காட்டுகிறான். எனக்கு எஸ்எம்எஸ் வரவில்லை. "மலைதானே, சிக்னல் இல்லை" என்றான். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து இவன் மட்டும் எப்படிக் காசு அனுப்பினான்?

ஜெக்கட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அப்போதுதான் மெனேஜரின் அசல் முகம் தெரிந்தது. "ஐடென்டி என்னிடம் இருக்கு. தோட்டத்துக்கு அனுப்பவா, பொலிசுக்குச் சொல்லவா?" அந்த நேரம் பார்த்து என் கூட்டாளி போன் எடுத்தாள். எத்தனை மணிக்கு எடுப்பாள், நான் எந்த வார்த்தை சொன்னால் ஆபத்து என்று பேசி வைத்திருந்தோம். கீழே, எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரின் த்ரீவீல் நின்றது. கதவை விட்டார்கள். அட்டைப் படத்தை அனுப்பாமல் இருக்கக் காசு கேட்டு இன்னும் மெசேஜ் வருகிறது. ஒரு சதம் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த மாதமும் கேட்பான்.

பொலிஸ் என்று மிரட்டினால் இதைத் தெரிந்து வைத்திருங்கள். வயது வந்த பெண் தன் விருப்பத்தில் இந்தத் தொழிலுக்குக் காசு வாங்குவதே குற்றம் என்று இலங்கையில் சட்டம் இல்லை. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், பொது இடத்தில் ஆள் அழைத்தால் பிடிக்கும். அதே சட்டம் பெண்ணின் சம்பாத்தியத்தில் வாழ்பவனையும் பிடிக்கும். விபசார விடுதி நடத்துபவனுக்கு 1889ஆம் ஆண்டின் சட்டம் தனியாக இருக்கிறது. மிரட்டிக் காசு பறிப்பது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். ஆக, பொலிசுக்கு நம்மை விட அவன்தான் பயப்பட வேண்டும். ரெய்டு என்று வந்தால் முதலில் வண்டியில் ஏற்றுவது நம்மைத்தான், அதையும் மறைக்கவில்லை.

மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு எடுக்கலாம். படம், வீடியோ நெட்டில் வந்துவிட்டால் இணையப் பிரச்சினைகளைப் பார்க்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனம், நம்பர் 101. அட்டை கேட்டால் நம்பரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், படம் எடுக்க விடாதீர்கள். ஸ்லிப்பை நம்பாதீர்கள், உங்கள் கணக்கில் விழுந்தால்தான் காசு.

அவன் இப்போது நம்பர் மாற்றிவிட்டான். பெண் குரலில் வொயிஸ் அனுப்புகிறார்களாம், இரண்டாவது மெசேஜிலேயே அடையாள அட்டைப் படம் கேட்கிறார்களாம்.