பழைய மிரர்லெஸ் கேமரா வாங்குவோர் கவனத்துக்கு: ‘நாய்ஸ்’ என்று சொல்லி என் தலையில் கட்டிய பழுதான சென்சார்

கடந்த கார்த்திகையில் இராமநாதபுரத்தில் ஒரு கடையில், ஒருவர் பயன்படுத்திய மிரர்லெஸ் கேமராவை (உள்ளே அசையும் கண்ணாடி இல்லாத வகை) 58,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே விதத்தில் வேறு யாரும் ஏமாறக்கூடும்.

என் பெரியப்பா தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பவர். வாடைக்காலத்தில் தென்கடல் அடங்கிக் கிடக்கும்போது, கிழக்கு வெளுப்பதற்கு முன்பே இரண்டு வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்துவிடுவார்கள். இந்தப் பருவத்தோடு நிறுத்திக்கொள்ளப் போவதாக அவர் சொல்லியிருந்தார். அதற்குள் அவரையும் உடன் இழுப்பவர்களையும் அந்த நேரத்து வெளிச்சத்திலேயே படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான், இரண்டு ஆண்டுகள் சேர்த்த பணத்தை எடுத்தேன்.

கடைக்காரர் முதலில் காட்டியது ஷட்டர் எண்ணிக்கை, அதாவது கேமராவின் ஒளிக்கதவு எத்தனை முறை திறந்து மூடியது என்ற கணக்கு. “தம்பி, நாலாயிரந்தான் ஓடியிருக்கு, புதுசு மாதிரி” என்றார். நான் நம்பினேன். ஆனால் மிரர்லெஸ் கேமராவில், ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் எப்போதும் விழித்தே இருக்கிறது. திரையில் காட்சி தெரிவதே அதனால்தான். வீடியோ எடுத்தாலும் மின்னணு ஷட்டரில் படமெடுத்தாலும் அந்த எண்ணிக்கை பொதுவாக நகராது. கல்யாண வீடுகளில் மணிக்கணக்காக நேரலைக்கு ஓடிய கேமராவும் நாலாயிரம் என்றே காட்டும். என்னுடையது அப்படி ஓடியதுதான் என்பதை, அதன் அடிப்பாகத்தில் இருந்த கீறலைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்ட கீழக்கரை வீடியோக்காரர் ஒருவர் பிறகு சொன்னார்.

அடுத்து, கடைக்காரர் பாம்பன் பாலத்தை இரவில் எடுத்த இரண்டு படங்களைக் கேமராவின் பின்திரையில் காட்டினார். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. உள்ளங்கையளவு திரையில் எந்தப் படமும் துடைத்தாற்போலத்தான் இருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாள் விடியற்காலையில், படத்தில் எதுவும் மழுங்கக் கூடாது என்று நாய்ஸ் ரிடக்ஷன் எல்லாவற்றையும் அணைத்து, சென்சார் தந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பையும் போட்டு, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 6400, ஷட்டர் 1/60 நொடி என்று வைத்து எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியப்பாவின் இடது புருவத்துக்கு மேலே குங்குமம் சிதறினாற்போல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அடுத்த படத்தில் அவர் நகர்ந்துவிட்டார், புள்ளி நகரவில்லை. அதே இடத்தில், இப்போது வலையின் மிதவை மேல் நின்றது. இன்னும் தேடினால் நீலம், பச்சை என்று நாற்பதுக்கு மேல். அலையை இழைய விடுவதற்காக 15 நொடி திறந்து எடுத்த படத்தில் எண்ணவே முடியவில்லை.

திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் சொன்ன பதில் இது: “இருட்டுல எடுத்தா எந்தக் கேமராவுலயும் நாய்ஸ் வரத்தான் செய்யும் தம்பி. நாய்ஸ் ரிடக்ஷனக் கூட்டி வச்சுக்கங்க, சரியாயிரும்.”

இதில் முதல் வாக்கியம் உண்மை என்பதால்தான் இரண்டாவது இத்தனை எளிதாக ஏமாற்றுகிறது. ஒளி துகள் துகளாக வந்து விழுகிறது. சென்சாரில் ஒளியை வாங்கும் நுண்கட்டமான ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது ஒரு சதவீதம். வெறும் 100 துகள்தான் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து சதவீதம். இருட்டில் படம் பொரிப்பொரியாகத் தெரிவதற்கு முதன்மையான காரணம் இதுவே. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் இதற்கு விலக்கில்லை. ஆனால் அந்தப் பொரி ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழும். இடம் மாறாமல் அதே நிறத்தில் நிற்கும் புள்ளி, மின்னோட்டம் கசியும் பிக்சலுடையது; அதை ஹாட் பிக்சல் என்கிறார்கள். எல்லாச் சென்சாரிலும் ஒன்றிரண்டு இருக்கும், வயதாக ஆகக் கூடும், சூடு ஏற ஏறப் பளிச்சென்று தெரியும். நாற்பது என்பது 1/60 நொடியில் இருக்க வேண்டிய கணக்கே அல்ல.

அவர் சொன்னபடியே கூட்டி வைத்தும் பார்த்தேன். நாய்ஸ் ரிடக்ஷன் என்பது பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து சமன்படுத்துவது. பொரி எது, நுணுக்கம் எது என்று அதற்கு முழுதாகத் தெரியாது. வலையின் கண்ணிகள் ஒன்றோடொன்று கலந்து பழுப்புத் துணியாயின. கயிறு முறுக்கிழந்தது. படத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பெரியப்பா, “மெழுகுப் பொம்மை மாதிரி இருக்கேப்பா, என் சுருக்கமெல்லாம் எங்க?” என்று கேட்டார். அறுபது ஆண்டு வெயிலும் உப்பும் போட்ட கோடுகளைத்தானே நான் எடுக்கப் போனேன்!

முதல் நாள் மெனுவில் நான் மாற்றியவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. விற்பதற்கு முன்பே உயர் ஐ.எஸ்.ஓ. நாய்ஸ் ரிடக்ஷனை உச்சத்தில் வைத்திருந்தார்கள். அது கேமராவே மெருகேற்றிச் சேமிக்கும் ஜேபெக் படத்தைத்தான் மெழுகும், ரா கோப்பைத் தொடாது. ஆகவே ராவை அணைத்தும் வைத்திருந்தார்கள். நீண்ட நேரத் திறப்புக்கான நாய்ஸ் ரிடக்ஷனும் ஓடிக்கொண்டிருந்தது. 30 நொடிப் படம் எடுத்தால், இது ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 நொடிக் கறுப்புப் படம் எடுத்து, முதல் படத்திலிருந்து கழித்துவிடும். நிலையான புள்ளிகளை நீக்க நல்ல வழிதான். பழுதை மறைக்கவும் அதுவே போதுமானதாக இருந்தது. பாம்பன் பாலத்து வானம் துடைத்தாற்போல் இருந்ததன் காரணத்தை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மறுமுறை போனபோது பேச்சு மாறியது. கடற்கரையில் எடுத்ததால் உப்புக்காற்று ஏறிவிட்டது என்றார். உப்புக்காற்று லென்ஸ் மாட்டும் இடத்துத் தொடுமுனைகளை அரிக்கும், இணைப்பைக் கெடுக்கும். கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் பிக்சல்களில் முதல் நாளே நாற்பது புள்ளிகளைப் போடாது. இந்தக் கரையில் பிறந்தவனிடமே அதைச் சொன்னதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா நாய்ஸ் ரிடக்ஷனையும் அணையுங்கள், ராவைப் போடுங்கள். லென்ஸின் மூடியை மாட்டி, ஐ.எஸ்.ஓ. 1600இல் 30 நொடி ஒன்றும், ஐ.எஸ்.ஓ. 6400இல் 1/60 நொடி இரண்டும் எடுங்கள். பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டுச் சூடேறிய பிறகு மறுபடி எடுக்க விட்டால் இன்னும் நல்லது. பின்திரையில் பார்த்து முடிவு செய்யாமல், நினைவக அட்டையைக் கொண்டுபோய்க் கணினியில் முழு அளவில் பாருங்கள். கறுப்புப் படத்தில் வானத்து மீன் போல் புள்ளிகள் இறைந்து கிடந்து, அவை 1/60 நொடிப் படங்கள் இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் வாங்காதீர்கள். ஒலிம்பஸ் போன்ற சில கேமராக்களில் பிக்சல் மேப்பிங் என்ற வசதி மெனுவிலேயே உண்டு. அது கெட்ட பிக்சலைக் குறித்துக்கொண்டு பக்கத்துப் பிக்சலை வைத்து நிரப்பும். ஒன்றிரண்டுக்குச் சரி.

ரசீதில் ‘பழைய பொருள், திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். மூடி மாட்டி எடுத்த கறுப்புப் படங்கள், மெனுவின் படங்கள், ரசீது எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

பெரியப்பா மாசி முடியும் வரை கயிறு பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நண்பர் ஒருவரின் கேமராவை இரவல் வாங்கியிருக்கிறேன். ரிடக்ஷனை அணைத்துவிட்டு, பொரியோடு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.