கணக்கா, விதையா?

நாடுகள் சேர்ந்து ஆராய்வதில் இரண்டு வழிகளைப் பார்ப்போம். பனிப்போர் நடுவிலேயே அமெரிக்காவும் சோவியத்தும் உட்பட 12 நாடுகள் 1972-இல் தொடங்கிய, ஆஸ்திரியாவில் இருக்கும் இயாசா (IIASA) என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனம் கணினி மாதிரிகளில், அதாவது நிஜ உலகில் நடப்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதில், வல்லது. 1994-இல் கந்தகப் புகையைக் குறைக்க ஐரோப்பிய நாடுகள் ஒப்பந்தம் போட்டபோது, அதன் அமில மழைக் கணக்குதான் கைகொடுத்தது.

பிலிப்பைன்ஸில் 1960-இல் பிறந்த பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழி வேறு. ஒடிசாவின் பழைய நெல் ஒன்று வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும். அதற்கான மரபணுவை கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து கண்டுபிடித்து, ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் ஏற்றினார்கள். 2009-இல் இந்தியாவில் வெளியான ஸ்வர்ணா சப்-1 சுமார் இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் தாங்கும்.

சரி, எது மேல்? எல்லை தாண்டும் புகைக்குக் கணக்குதான் வேண்டும். ஆனாலும் என் மனசு விதைப் பக்கம்தான். விளைந்ததில் ஒரு பங்கை எடுத்துவைத்து, விவசாயி அடுத்த போகத்துக்கும் அதையே விதைக்கலாமே!