மருத்துவமனை சாப்ளினா, நம் குருக்களா?

பிரிட்டனில் உறவினர் ஒருவர் இறுதி நிலையில் இருக்கும்போது யாரை அழைப்பது? வழக்கமாகப் போகும் கோயில் குருக்களையா, சர்ச் பாதிரியாரையா, மருத்துவமனை சாப்ளினையா (நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஆறுதலாக இருக்க மருத்துவமனையிலேயே பணிபுரியும் ஆன்மிகத் துணைவர்)?

நம் குருக்களுக்குக் குடும்பத்தைத் தெரியும், சடங்கு தெரியும், தமிழிலேயே பேசுவார். காரியம் முடிந்த பிறகும் வீட்டுக்கு வந்துபோவார். இதற்கு ஈடு இல்லை.

சாப்ளினின் பலம் வேறு. 1948-இல் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தொடங்கிய காலத்திலிருந்தே இந்தப் பணி அங்கே உண்டு. பல பெரிய மருத்துவமனைகளில் நடுராத்திரியிலும் வருவார்கள். வார்டு நர்ஸிடம் சொன்னால் போதும். கடவுள் நம்பிக்கை இல்லாதவரோடும் உட்கார்ந்து பேசுவார், மதம் மாற்றப் பார்க்கமாட்டார். குறிப்பாக, குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டால் பெற்றோர் இடிந்துபோய் நிற்பார்கள். அப்போது குழந்தைக்குப் பெயர் சூட்டவும், ஆசி வழங்கவும், அடக்கத்துக்கு வழிகாட்டவும் அவருக்குப் பழக்கம் உண்டு. உறவினர் முன்னால் அழத் தயங்குபவர்கள் அவரிடம் மனம்விட்டு அழுவார்கள். அதுவும் பெரிய ஆறுதல்தான்.

என்னைக் கேட்டால், முதல் சில மணி நேரத்துக்குச் சாப்ளின். அடுத்து வரும் மாதங்களுக்கு நம் குருக்கள். சரி, இருவரும் வேண்டுமென்றால்? சாப்ளினிடமே சொல்லுங்கள், உங்கள் குருக்களை வரவழைக்க அவர் உதவுவார்.