வானிலை ரேடியோவுக்கு எச்சரிக்கை விளக்கு வாங்குகிறவர்கள் கவனத்திற்கு

டெக்சஸில் டாலஸ், பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் வயதான பெற்றோரைக் கூட வைத்திருப்பவர்களுக்காகவே முக்கியமாக இதை எழுதுகிறேன். நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பின் வானிலை எச்சரிக்கைகளைத் தரும் ரேடியோவோடு இணைக்கும் எச்சரிக்கை விளக்கு என்று இணையத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி விற்கிறார்கள். ‘சேம் குறியீட்டைப் படிக்கும், 177 கேண்டெலா ஒளி, யு.எல். சான்று பெற்றது, எந்த ரேடியோவிலும் பொருந்தும்’ என்பது விளம்பரம். (சேம் என்பது எச்சரிக்கைக்கு முன்னால் வரும் ஒலிக்குறியீடு; கேண்டெலா ஒளியின் அளவு; யு.எல். மின்பொருள்களின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம்.) 64 டாலர் கொடுத்து வாங்கினேன். நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் முதலில் அதைச் சுவர் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு மீதியைப் படியுங்கள்.

என் அப்பாவுக்குக் காது மந்தம். இரவில் காதுக்கருவியைக் கழற்றிவிட்டால் தலைமாட்டில் ரேடியோ அலறினாலும் அவருக்குத் தெரியாது. கைப்பேசியை அணைத்துவிட்டுத்தான் படுப்பார், சொல்லிப் பார்த்தாயிற்று. டெக்சஸில் டொர்னாடோ என்ற சுழற்காற்று பகலில் மட்டும் வருவதில்லை. டென்னசியில் 25 உயிர்களைக் கொண்டுபோன டொர்னாடோக்கள் வந்தது 2020 மார்ச் 2-3 இரவில். ஆகவே விளக்கு எங்களுக்கு அலங்காரப் பொருள் அல்ல.

இந்த ஏமாற்று புரிய வேண்டுமானால் ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும். வானிலை அலுவலகம் 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் ஒலிபரப்புகிறது. எச்சரிக்கைக்கு முன்னால் கரகரவென்று ஓர் ஒலித்துணுக்கு மூன்று முறை வரும். எந்த ஆபத்து, எந்தக் கவுன்ட்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி), எவ்வளவு நேரத்துக்கு என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அதுதான் சேம் குறியீடு. காலின் கவுன்ட்டிக்கு 048085, டாலஸ் கவுன்ட்டிக்கு 048113. நாம் பதிந்துவைத்த எண்ணோடு பொருந்தினால் ரேடியோ விழித்துக்கொள்ளும். அதாவது, குறியீட்டைப் படிக்கும் வேலை ரேடியோவுடையது. விளக்கு அதைப் படிக்கத் தேவையே இல்லை. நல்ல மேசை ரேடியோக்களின் பின்புறம் வெளி எச்சரிக்கைக் கருவிக்கென்றே தனியாக ஒரு துளை இருக்கும். விளக்கு அங்கேதான் இணைய வேண்டும்.

இந்தப் பெட்டியின் கம்பியோ இயர்போன் துளைக்குப் போகிறது. விற்பவர் அனுப்பிய தாளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. உள்ளே இருப்பது ஒலி வந்தால் ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, தட்டும் மலிவான மின்சுற்றுப் பலகை, அவ்வளவுதான். அப்பா மதியம் வானிலை அறிக்கை கேட்டால் விளக்கு முழு நேரமும் மின்னிக்கொண்டிருக்கும். ஒலியைக் குறைத்து வைத்தால் மின்னவே மின்னாது. இதைவிட மோசமானது இன்னொன்று: இயர்போன் துளையில் எதையாவது செருகினால் பெரும்பாலான ரேடியோக்களில் உள்ளிருக்கும் ஸ்பீக்கர் துண்டிக்கப்பட்டுவிடும். எங்கள் ரேடியோவும் அப்படித்தான். பெட்டியை மாட்டிய கணத்திலிருந்து வீட்டில் யாருக்கும் சைரன் கேட்காது.

ஏப்ரலில் ஒரு விடியற்காலை டொர்னாடோ எச்சரிக்கை வந்தது. ரேடியோவின் திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எங்கள் அறையில் கைப்பேசி அலறியதால்தான் ஓடிப்போய் அப்பாவை எழுப்பி, ஜன்னல் இல்லாத குளியலறைக்கு அழைத்துப்போனோம். டொர்னாடோ எங்கள் பக்கம் வரவில்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். 120 வோல்ட் மின்சாரம் நேராகப் பலகைக்குள் வருகிறது, ஃபியூஸ் கிடையாது. ரிலே துண்டிப்பது மின்சாரம் வரும் கறுப்புக் கம்பியை அல்ல, வெள்ளை நியூட்ரல் கம்பியை. விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும் என்று அர்த்தம். அந்த மின்தடத்துக்கும், ரேடியோவுக்குப் போகும் கம்பியின் தடத்துக்கும் இடையில் ஒரு நகத்தின் கனம்தான் இடைவெளி. இதைத்தான் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்கள். யு.எல். முத்திரை என்றால் ‘லிஸ்டட்’ அல்லது ‘சர்ட்டிஃபைட்’ போன்ற சொல்லும் ஓர் எண்ணும் கூடவே இருக்கும். இதில் வட்டத்துக்குள் இரண்டு எழுத்துகள் மட்டும். 177 கேண்டெலா என்பது தூங்கும் அறையில் கூரையை ஒட்டிப் பொருத்தும் தீ எச்சரிக்கை விளக்குக்கான அமெரிக்கத் தரநிலையின் எண். அதை எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது சாதாரண சிவப்பு எல்.ஈ.டி. பல்பு.

விற்றவருக்கு எழுதினேன். உங்கள் ரேடியோ பழுது என்று முதலில் பதில் வந்தது. படங்கள் அனுப்பியதும், சொந்தச் செலவில் வெளிநாட்டு முகவரிக்குத் திருப்பி அனுப்புங்கள், அல்லது 12 டாலர் வாங்கிக்கொண்டு நல்ல மதிப்புரை எழுதுங்கள் என்றார். (வாங்கும்போதே, அட்டை வேண்டாம், நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் அனுப்பினால் விலை குறைப்பேன் என்றவர் இவர். நான் கிரெடிட் கார்டிலேயே கொடுத்திருந்தேன்.) விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் திறந்த பெட்டியின் படங்களையும் இணைத்து வங்கியில் முறையிட்டேன், பணம் திரும்பியது. ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிடுவது பாதுகாப்பானது, தள்ளிப்போடாதீர்கள். கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் மோசடிப் புகார்ப் பக்கத்திலும் பதிந்திருக்கிறேன்.

பிறகு நானே ஒன்று செய்துகொண்டேன். பெரிய வித்தை இல்லை. வெளி எச்சரிக்கைத் துளை உள்ள ரேடியோ ஒன்று வாங்கினேன். அந்தத் துளை சில ரேடியோக்களில் வோல்டேஜ் தரும், சிலவற்றில் சுவிட்ச் மாதிரி இரு முனைகளை இணைக்க மட்டும் செய்யும்; கையேட்டைப் பார்த்து, மல்டிமீட்டரால் உறுதிசெய்யாமல் எதையும் இணைக்கக் கூடாது. என்னுடையது சுவிட்ச் வகை. அது 12 வோல்ட் ரிலே ஒன்றை இயக்குகிறது. ரிலேயில் இரண்டு ஜோடி முனைகள்: ஒன்று வாகனங்களில் மாட்டும் 12 வோல்ட் விட்டுவிட்டு மின்னும் விளக்குக்கு, மற்றது ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொள்ள. ரேடியோ ஓய்ந்த பிறகும், பொத்தானை அழுத்தும் வரை விளக்கு நிற்காது. ரிலேயின் கம்பிச்சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போட்டேன். அது இல்லையென்றால் ரிலே விடுபடும்போது எழும் மின்துடிப்பு ரேடியோவைக் கெடுத்துவிடலாம். என் பெட்டிக்குள் 120 வோல்ட் வருவதே இல்லை. புயலில் முதலில் போவது கரண்ட் என்பதால், மூடிய வகை 12 வோல்ட் பேட்டரியிலிருந்துதான் எல்லாம் ஓடுகிறது. அதற்குச் சான்று பெற்ற சார்ஜர் தனியாக இருக்கிறது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் வெளிச்சம் போதாது என்பதால், காது கேளாதோருக்கான கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் அதிர்வு வட்டு ஒன்றையும் சேர்த்து மெத்தைக்கடியில் வைத்திருக்கிறேன். அது அதிர்ந்தால் அப்பா எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுகிறார்.

அந்தக் கடையின் பக்கம் இப்போது இல்லை. ஆனால் சென்ற வாரம் வேறொரு பெயரில் அதே பெட்டியைப் பார்த்தேன்: மர மேசை, பக்கத்தில் மடித்து வைத்த நீலப் போர்வை, விளக்குக்குப் பின்னால் பாதி தெரியும் ரேடியோ. விலை 69 டாலர். அந்தப் படத்தைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.